பாலை மரத்துக்கு ஒரு பி மெமோ

எங்கள் ஊர்ப் பாலை மரம் இதுவரை மூன்று முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை கம்பெனி ஆட்சிக் காலத்தில், ஒரு வெள்ளைக்கார மருத்துவரால். இரண்டாம் முறை போன வருஷம் சித்திரையில், சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு பேராசிரியரால். மூன்றாம் முறை என்னால். மூன்றில் அதிகக் கேடு விளைவித்தது என்னுடைய கண்டுபிடிப்புதான்.

நான் வருவாய்த் துறையில் காலம் தள்ளி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசையில் தூங்கும், எதைத் தட்டினால் எழும், எதைத் தட்டாமல் விட்டால் எல்லோருக்கும் நல்லது என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஓய்வுக்குப் பிறகு கும்மிடிப்பூண்டியிலேயே வீடு கட்டிக்கொண்டேன். திருவள்ளூர் கோயில் தெருவில் பிறந்த என் மனைவிக்கு இதில் இன்றுவரை மனத்தாங்கல். மொட்டை மாடியில் வேட்டியைக் காயப்போட்டால் மாலைக்குள் அதன்மேல் இரும்புப் பொடி படிந்து, சரிகை இல்லாத குறையைத் தீர்த்துவிடும்.

காலை நடைக்கு நான் போகும் இடம், கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் பின்சுவருக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே கிடக்கிற ஒரு துண்டுக் காடு. காடு என்று சொன்னால் வனத்துறை கோபித்துக்கொள்ளும். கணக்கில் அது புறம்போக்கு. களா, காரை, சூரை, ஈச்சை எல்லாம் முள்ளும் இலையுமாகப் பின்னிக் கிடக்கும். நடுவில் அந்தப் பாலை மரம். உலக்கை செய்ய வாகான மரம் என்பதால் உலக்கைப் பாலை என்றும் சொல்வார்கள். இப்போது உலக்கை யாருக்கும் தேவையில்லை என்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது என்பது என் அனுமானம். அதனடியில் மஞ்சள் பூசிய கன்னிமார் கற்கள் உண்டு. அவையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சித்திரை பிறந்தால் பழுக்கத் தொடங்கும். வேப்பம்பழத்தைவிடச் சற்றே பெரிது, நல்ல மஞ்சள். தேனில் ஊறவைத்த மாதிரி இனிப்பு. ஆனால் தோலில் பால் இருக்கும். நாலு பழம் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதிகம் பேசுகிறவர்களுக்கு இதை அரசே இலவசமாகக் கொடுக்கலாம் என்று என் மனைவி ஒருமுறை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பழம் விற்கிற அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும். அவர்கள் வீட்டில் முன்பு எல்லோரும் பொன்னேரிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வயலெல்லாம் ஆலையான பிறகு ஆலைக்குப் போகிறார்கள். இந்த அம்மாளுக்கு அதே கம்பி ஆலையில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. வருஷத்தில் பத்து மாதம் அவரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சூப்பர்வைசர் "ஏய்" என்பார். அவரும் திரும்பிப் பார்ப்பார். பழக்காலம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு, கம்பெனி பஸ் திரும்புகிற முனையில் கூடையோடு உட்கார்ந்துவிடுவார். அங்கே அதே சூப்பர்வைசர் வந்து, "அக்கா, இன்னும் ஒரு கை போடுக்கா" என்று கெஞ்சுவார்.

"ஏய்னு கூப்ட வாய் தான இது? ஒட்டிக்கினு கெடக்கட்டும், போ" என்பார் இவர். ஆனாலும் ஒரு கை போடுவார்.

இந்த இரண்டு மாதத்தை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். பழக்காலம் முடிந்து திரும்பப் போனால் ஒப்பந்தக்காரர் வேலை கொடுப்பாரா என்பது ஒவ்வொரு வருஷமும் சந்தேகம். ஒவ்வொரு வருஷமும் இவர் போகவே செய்வார். 'அக்கா'வாக இருப்பதற்கு அவர் செலுத்துகிற கட்டணம் அது.

நான் தினமும் ஒரு டம்ளர் வாங்குவேன். சர்க்கரை நோய்க்காரன் என்பதால் அங்கேயே தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஒட்டிய உதடு காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் கண்டுபிடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கண்ணெதிரே நடந்தது. தொப்பி, பையில் தண்ணீர், கழுத்தில் தூரநோக்கி சகிதம் ஒரு கூட்டம் காரிலிருந்து இறங்கியது. இயற்கையை வாட்ஸ்அப்பில் ஒருங்கிணைக்கிறவர்கள். தலைவர் ஒரு தாவரவியல் பேராசிரியர். சாது. செடியைத் தொடுவதற்கு முன் அதனிடம் அனுமதி கேட்பார் போலிருந்தது. எங்கள் பழக்கார அம்மாள் அப்போது மரத்தடியில் பழைய புடவையை விரித்துக் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதுக்கு உங்க ஊர்ல என்ன பேர்?" என்றார் பேராசிரியர்.

"பாலப்பயம். உங்க ஊர்ல இன்னா பேரு?"

"எங்க ஊர்ல இது கிடையாதும்மா."

"அதான் இப்டி ஒல்லியா கீற. இந்தா, துன்னு."

பேராசிரியர் தின்றார். முகம் மலர்ந்தது. பிறகு கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கம்பெனிக் காலத்துப் படம். இலை, பூ, பழம், வெட்டிய பழம், விதை என்று வண்ணத்தில் தனித்தனியாக வரைந்திருந்தது. இந்தக் கடற்கரைச் சீமையில் கம்பெனி மருத்துவர்கள் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த நேரம் போக மீதி நேரத்தில் செடிகளைச் சேகரித்தார்கள், உள்ளூர் ஓவியர்களை வைத்து வரையச் செய்தார்கள், லத்தீனில் பெயர் வைத்துக் கப்பலேற்றினார்கள் என்று பேராசிரியர் தன் கூட்டத்துக்கு விளக்கினார்.

அம்மாள் படத்தை உற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் வரஞ்சிக்கிறான். யாரு இது?"

"வரைஞ்சவர் பேர் தெரியலைம்மா."

"பறிச்சிக் குடுத்தவன்?"

"அதுவும் எழுதி வைக்கலை."

"டாக்டரு பேரு மட்டும் கீதா?"

"அது செடிப் பேருக்குப் பின்னாடியே இருக்கும்மா."

"அப்ப துன்னவன் பேரத்தான் எழுதி வச்சிக்கிறானுவோ" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கிளையை உலுக்கப் போய்விட்டார்.

எனக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. அனுபவம் ஒருவருடையது, பட்டா இன்னொருவர் பெயரில். இப்படிப்பட்ட இனங்களைத்தான் நான் வேலைநாள் முழுதும் பார்த்தேன். கண்டுபிடிப்பது என்றால் வேறொன்றுமில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, தெரிந்தவர்களிடமே விசாரித்து, அவர்களுக்குத் தெரியாத மொழியில் பதிவு செய்வது. எங்கள் அலுவலகத்தில் அதற்கு 'ஸ்தல விசாரணை' என்று பெயர். கம்பெனி மருத்துவரும் பல்லக்கிலிருந்து இறங்கி இதே மாதிரி ஒரு அம்மாளிடம் பெயர் கேட்டிருப்பார். அந்த அம்மாளும் இதே மாதிரி திட்டியிருப்பார். துபாஷி அதை மொழிபெயர்க்காமல் விட்டிருப்பார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொடுக்காப்புளி எங்கிருந்தோ கடல் கடந்து வந்த மரம். வந்த சுவடு தெரியாமல் ஏரிக்கரை முழுக்கக் குடியேறிவிட்டது. அதற்கு ஆங்கிலத்தில் மெட்ராஸ் முள் என்று பெயர் வைத்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பாலைக்கு லத்தீன் பெயர். குடியேறியவனுக்கு ஊர்ப்பெயர், ஊர்க்காரனுக்கு வெளிநாட்டுப் பெயர். வாக்காளர் பட்டியல் தயாரித்தவர்கள் செய்த வேலை போலிருக்கிறது.

பேராசிரியர் எந்தத் தீங்கும் நினைக்கவில்லை. கம்பெனி மருத்துவர் இந்தப் பக்கத்துப் பாலை மரம் ஒன்றைப் பார்த்திருக்கக்கூடும் என்று மட்டுமே அவர் எழுதினார். செய்தித்தாளில் வந்தபோது இதே மரத்தைப் பார்த்திருக்கிறார் என்று ஆனது. ஆலை நிர்வாகம் படித்து முடித்தபோது அது உலகிலேயே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பாலை மரம் ஆகிவிட்டது. பின்சுவருக்கு அப்பால் இவ்வளவு பெரிய கௌரவம் இத்தனை நாள் சும்மா நிற்கிறதே என்று நிர்வாகம் பதைத்துப்போயிற்று. சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே செலவாவது என்று தெரியாமல் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்தது.

மரத்தைப் பராமரிக்க அனுமதி கேட்டு எங்கோ எழுதினார்கள். எங்கிருந்தோ சரி என்று பதில் வந்தது. ஒரு வாரத்தில் கம்பி வேலி முளைத்தது. வேலியை மரத்துக்கு மட்டும் போடாமல், தங்கள் லாரி திரும்பவும் தோதாக இருக்கட்டும் என்று தாராளமாகவே போட்டார்கள். கதவு, பூட்டு, காவலாளி. பளபளவென்று ஒரு பலகை. அதில் லத்தீன் பெயர் பெரிதாக, மருத்துவர் பெயர் அதைவிடச் சற்றுச் சிறிதாக, 'பாலை' என்பது அடியில், மன்னிப்புக் கேட்பது போல. இதன் கனி உண்ணத்தக்கது என்று ஒரு வரி. கனிகளைப் பறிக்காதீர் என்று அதற்கடுத்த வரி. ரிப்பன் வெட்டி, இனிப்பு கொடுத்தார்கள். இனிப்பு கடையில் வாங்கிய மைசூர்பாகு.

மறுநாள் காலை நான் போனபோது அம்மாள் கூடையோடு வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே காவலாளி. மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர்.

"இன்னா பையா, தொற."

"நை அக்கா. உள்ள வராதே. மேனேஜர் சாப் திட்டும்."

"மரம் எங்களுது பையா."

"போர்டு இருக்கு அக்கா. பறிக்காதே போர்டு."

"அப்ப நீ வாயில இன்னா மென்னுக்கினு கீற?"

காவலாளி மெல்லுவதை நிறுத்தினார். பிசின் படிந்த மீசையைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஊர்ல கிர்னி" என்றார் குற்ற உணர்ச்சியுடன். "பஹுத் அச்சா. சின்னப் பையன்லேர்ந்து சாப்பிடும்."

அவர் நல்லவர். வேலிக்கு மேலாக இரண்டு கை பழம் எடுத்து நீட்டினார். இவர் வாங்கவில்லை. "எம் மரத்துப் பயத்த நீ எனக்கு தர்மம் பண்றியா?" என்று கேட்டுவிட்டு, காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

என் மனைவி காப்பி கொடுத்தாள். அதோடு, நான் தினமும் ஒரு டம்ளர் பழம் வாங்குகிற செய்தியையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சாரு, நீ தாலுக்காபீஸ்ல இருந்தவன்தான? இதுக்கு இன்னா வழி?"

வழி கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். புறம்போக்கில் மரம் நட்டு வளர்த்தவர் அதன் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒன்று உண்டு, நிலம் அரசுக்கு, காயும் கனியும் நட்டவருக்கு என்று விளக்கினேன்.

"அப்ப எங்க மாமனாரு நட்டாருன்னு எய்திக்க."

"பலகையில் கம்பெனி காலத்திலேயே பார்த்ததா போட்டிருக்கே அம்மா. உங்க மாமனார் அப்ப பிறக்கவே இல்லையே."

"எங்க மாமனாருக்குத் தாத்தா நட்டாரு."

"அது தானா முளைச்ச காட்டு மரம். அதுக்காகத்தான் பேராசிரியர் வந்தார், பேப்பர்ல போட்டாங்க, வேலி போட்டாங்க."

அம்மாள் காப்பியை ஒரு வாய் குடித்தார். "தானா மொளைச்சா யாருக்கும் இல்லியா? அப்ப நாங்க கூடத்தான் தானா மொளைச்சோம்" என்றார்.

நான் மனு எழுத உட்கார்ந்தேன். என் பணிக்காலத்தில்கூட அப்படி ஒரு மனு எழுதியதில்லை. பார்வை ஒன்று, பார்வை இரண்டு, பொருள், நிலத்தின் வகைப்பாடு, மரத்தின் அமைவிடம், அது தரும் பலன், அந்தப் பலனின் தன்மை, காலம், விற்பனை வாய்ப்பு, மனுதாரர் குடும்பத்தின் நெடுங்கால அனுபவம். ஒரு குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இருவரும் திருவள்ளூர் போனோம். ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் போய், வேறு வண்டி பிடித்து, வேப்பம்பட்டு வழியாகத் திரும்ப மேற்கே போக வேண்டும். மாவட்டத்தைப் பிரித்தவர்கள் ரயில் வரைபடம் பார்க்கவில்லை. அம்மாள் வழி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தெந்த ஸ்டேஷனில் எந்த மரம் காய்த்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

என் மனு தூங்கவில்லை. அதுதான் கெடுதலாகப் போயிற்று. படிக்கும்படியாக எழுதப்பட்ட மனுவை அங்கே யாரோ படித்துவிட்டார்கள். பத்து நாளில் பதில் வந்தது: மேற்படி புறம்போக்கில் உள்ள மரம் பலன் தரத்தக்கது என்பது மனு வாயிலாகத் தெரியவருவதால், அடுத்த பசலி ஆண்டு முதல் மரப்பலனை விதிகளின்படி பொது ஏலத்தில் விட நடவடிக்கை எடுக்கப்படும்.

அதுவரை அந்த மரத்தில் எதுவும் காய்க்கிறது என்று அரசுக்குத் தெரியாது. நான்தான் தெரிவித்தேன். மூன்றாம் கண்டுபிடிப்பு இதுதான். நெடுஞ்சாலைப் புளியமரங்களை ஏலம் எடுக்கிற ஒருவர், பாலைப்பழத்தின் நிலவரம் என்ன என்று தேநீர்க் கடையில் விசாரித்துவிட்டுப் போனாராம்.

பதிலைப் படித்துக் காட்டினேன். அம்மாள் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கையிலேயே திரும்ப வைத்தார்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டியே சாரு."

"விதிப்படி..."

"வெள்ளக்காரன் பேர எடுத்துக்கினு போனான். கம்பெனிக்காரன் மரத்த எடுத்துக்கினான். பயமாவது மிஞ்சும்னு உங்கையில குடுத்தேன். நீ அத்தயும் கவுருமெண்டுக்குக் குடுத்துட்டு வந்து குந்தினுகீற."

உள்ளேயிருந்து என் மனைவி, "ஏன்னா, நீங்க ரிட்டயர் ஆன விஷயத்தை உங்க பேனாகிட்ட இன்னும் சொல்லலையா?" என்றாள்.

மறுநாள் காலை நடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அம்மாள் பழையபடி ஆலைக்குப் போய்ப் பெருக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். நடுச் சீசனில் அவர் வேலைக்குப் போவது அதுதான் முதல் முறை. சூப்பர்வைசர் "ஏய், வந்துட்டியா?" என்று கேட்டாராம். பழம் தின்ன வாய் அத்தனை சீக்கிரம் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது.

அந்தச் செய்தி என்னை உறுத்தியது. உறுத்தல் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் நிலையாணைகளைப் புரட்டுவேன். புரட்டவே தேவையிருக்கவில்லை. பதில் என் வேலைநாள் முழுவதும் என் மேசையின் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அரசு நிலத்தை ஒருவர் ஆக்கிரமித்தால் கிராம நிர்வாக அலுவலர் அதைக் குறித்து, அபராதம் போட்டு, பி மெமோ என்று ஒரு தாள் கொடுப்பார். நியாயமாக அது குற்றப் பத்திரிகை. ஆனால் எங்கள் பக்கத்தில் அதை வாங்க ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். 'நீ இங்கே இருக்கக் கூடாது' என்று அரசு எழுதிக் கொடுத்தால், 'நீ இங்கே இருக்கிறாய்' என்று அரசே ஒப்புக்கொண்டதாக ஆகிறதல்லவா? அந்தத் தாளை வைத்து மின்சாரம் கேட்கலாம், பட்டா கேட்கலாம். மகள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் பி மெமோவைக் காட்டிய தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏன் அபராதம் போடவில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்கு மட்டும் போட்டீர்களே என்று அழுத பெண்மணிகளையும் பார்த்திருக்கிறேன்.

ஆக்கிரமிப்பு உள்ள இடத்தில் ஏலம் விட முடியாது. முதலில் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். அகற்ற ஆக்கிரமிப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவில் நோட்டீஸ், பிறகு ஆறாம் பிரிவில் ஆணை. ஏழுக்கு அப்புறம் ஆறு வரும்படி சட்டம் எழுதியவர்களும் வெள்ளைக்காரர்கள்தான். செடிகளை மட்டும் ஒழுங்காக வரிசைப்படுத்தினார்கள். ஆணைக்குப் பிறகு மேல்முறையீடு, அதன்மேல் சீராய்வு. அரசாங்கத்தில் நிலுவையைப் போலப் பாதுகாப்பான இடம் வேறில்லை.

அம்மாளை வரச்சொல்லி விளக்கினேன். நம்பவில்லை.

"இன்னா சாரு, திருடின்னு எழுதிக் குடுத்தா மரம் எனக்கா?"

"உங்களுக்கு இல்லை. ஆனா வேற யாருக்கும் இல்லைன்னு ஆகும்."

அது அவருக்குப் பிடித்தது. "அதுக்கு உள்ள போவணுமே. பையா உட மாட்டானே."

"கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கிறதை எவனும் தடுக்க மாட்டான். ஆமா, அந்தச் சாமி உங்களுதா?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கோ. மரம்தான் எங்குளுது. சாமி எங்க நாத்தனாரோடது."

வைகாசி வெள்ளிக்கிழமை நாத்தனார் பொங்கப்பானையோடு வந்தார். பின்னால் தெருப் பெண்கள் எல்லோரும். சர்ச்சுக்குப் போகிறவர்கள் விறகு சுமந்தார்கள், சாமி கும்பிடுகிறவர்கள் பானை சுமந்தார்கள். காவலாளி கதவைத் திறந்துவிட்டுச் செருப்பையும் கழற்றி வைத்தார். பொங்கல் பொங்கியது. வெயிலுக்கு நான்கு கொம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். எல்லோரும் கலைந்து போனார்கள். கொம்பு, தார்ப்பாய், அடுப்புக் கற்கள், கூடை, அம்மாள், எல்லாம் அங்கேயே இருந்தன. காவலாளிக்கு ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல். சாப்பிட்டு முடித்தபோது அவருக்கு யாரையும் வெளியேற்றும் மனநிலை இல்லை.

நான் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன். இளம்பெண். பொறியியல் படித்துவிட்டு, தேர்வெழுதி இந்த நாற்காலியில் சிக்கிக்கொண்டவர்.

"சார், எல்லாரும் வீட்டுக்கு பி மெமோ கேப்பாங்க. நீங்க ஒரு கூடைக்குக் கேக்குறீங்க."

"கூடைக்கு இல்லம்மா. நாலு கொம்பு, ஒரு தார்ப்பாய். கட்டுமானம்."

"பாவம் சார் அந்த அம்மா. நாளைக்கு அவங்களே எடுத்துடுவாங்க."

"எடுக்க மாட்டாங்க. ஜமாபந்தி வருது. உங்க எல்லையில ஒரு ஆக்கிரமிப்பு இருக்குன்னு நான் வாய்வழியா தெரிவிச்சாச்சு. ஏன் கணக்குல ஏத்தலைன்னு அங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஓய்வு பெற்றவர்களைப் பணியில் இருப்பவர்கள் பார்க்கும் பார்வை அது. எனக்குப் பழக்கம்தான், நானும் அப்படிப் பார்த்தவன். பிறகு பெருமூச்சு விட்டு, வரைபடத்தையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு, உதவியாளரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

இதற்கப்புறம் நடந்ததை நான் திட்டமிடவில்லை. திட்டமிட்டதாக ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. பொறியியல் படித்தவர் அல்லவா, அவர் தார்ப்பாயை மட்டும் அளந்துவிட்டுப் போகவில்லை. புலத்தின் நான்கு எல்லையையும் அளந்தார். வேலியையும் அளந்தார். லாரி திரும்ப விட்டிருந்த தாராளத்தையும் அளந்தார். மரத்தைப் பராமரிக்கத்தான் அனுமதி, வேலி போட அல்ல. தார்ப்பாய் ஓர் ஆக்கிரமிப்பு என்றால், வேலி அதைவிடப் பெரிய ஆக்கிரமிப்பு. மரத்தடியில் நின்றபடியே இரண்டு பி மெமோ எழுதினார். ஒன்று பழக்கார அம்மாளுக்கு. மற்றது ஆலை நிர்வாகத்துக்கு.

ஒரே தாள், ஒரே வாசகம். அம்மாள் அதைக் கையில் வாங்கியதும் முந்தானையால் பிடித்துக்கொண்டார், விரல் பிசின் ஒட்டிவிடக் கூடாதென்று. "எம் பேரு எங்க போட்டுக்குது?" என்று கேட்டார். அலுவலர் விரல் வைத்துக் காட்டினார். பெயருக்கு எதிரில் ஆக்கிரமிப்பாளர் என்று இருந்தது. ஒரே ஒருநாள் வந்து போன மருத்துவர் பலகையில் கண்டுபிடித்தவர், இவர் ஆக்கிரமிப்பாளர். ஆனாலும் அந்த மரத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு தாளில் அவர் பெயர் ஏறியது அதுதான் முதல் முறை. அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆலையில் அதே தாள் வேறு விதமாகப் போய் இறங்கியது. மேலாளர் வியர்த்துப்போனார். ஆக்கிரமிப்பு என்ற சொல் தலைமையகத்துக்குப் போனால், தணிக்கைக்குப் போனால், வெளிநாட்டு வாடிக்கையாளர் காதில் விழுந்தால்! என்னை வீடு தேடி வந்தார்.

"சார், அபராதம் கட்டிடறோம். இந்தத் தாளை ரத்து பண்ண வழி இருக்கா?"

"எதுக்கு ரத்து பண்ணணும்? அது இருந்தா பின்னால பட்டா கேக்கலாம்" என்றேன்.

அவர் நான் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார். இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, பாவம். உண்மையில் ஒரே வழி ஆக்கிரமிப்பை அகற்றிவிட்டதாக எழுதிக் கொடுப்பதுதான் என்றேன். மறுநாள் மாலைக்குள் வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். கதவும் பூட்டும் ஸ்கிராப்புக்குப் போய், இந்நேரம் உருகிக் கம்பியாகியிருக்கும். பலகையை மட்டும் விட்டுவிட்டார்கள். மைசூர்பாகு கொடுத்துத் திறந்த பலகையை எடுப்பது நன்றாக இருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஏலம் நிலுவையில் இருக்கிறது. ஆக்கிரமிப்பு அகற்றப்படாததால் விட முடியவில்லை என்று குறிப்பு. ஆக்கிரமிப்பு அகற்றப்படாததற்குக் காரணம், நோட்டீஸ் சார்வு செய்யப்படவில்லை, அதாவது உரியவர் கையில் சேர்க்கப்படவில்லை. சார்வு செய்யப்படாததற்குக் காரணம், நோட்டீஸ் கொண்டு போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் பழம் கிடைக்கிறது. வாயைத் திறந்து வாசிக்க முடிவதில்லை.

பி மெமோவை அம்மாள் லேமினேட் செய்துவிட்டார். இந்த வருஷம் சித்திரையில் முனைக்குப் போகவில்லை. மரத்தடியிலேயே கடை. பலகையின் ஆணியில் லேமினேட் செய்த தாளைத் தொங்கவிட்டிருக்கிறார். அது மருத்துவரின் பெயரை முக்கால்வாசி மறைக்கிறது. வேண்டுமென்று செய்ததல்ல, ஆணி அங்கேதான் இருந்தது என்கிறார். கம்பெனி பஸ் இப்போது அந்தப் பக்கமாகவே வந்து திரும்புகிறது. வேலி போன பிறகு நன்றாகத் திரும்பவும் முடிகிறது. சூப்பர்வைசர் இறங்கி, "அக்கா" என்கிறார். காவலாளிக்கு வேலை போகவில்லை, முன்கதவுக்கு மாற்றிவிட்டார்கள். உணவு இடைவேளையில் வந்து கிர்னி வாங்கிப் போகிறார்.

பேராசிரியரும் போன ஞாயிறு ஒரு புதிய கூட்டத்தோடு வந்திருந்தார். தாளைப் படித்துவிட்டு, அது என்ன என்று என்னிடம் கேட்டார். விளக்க ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன். லத்தீன் எளிது.

என் டம்ளரை நீட்டினேன். அம்மாள் அளந்து போட்டார், தலைதட்டி.

"இன்னும் ஒரு கை போடக் கூடாதா? இவ்வளவு அலைஞ்சிருக்கேன்."

"ஒரு கை அதிகமாப் போடறதுக்கு ரூலு கீதா சாரு?"

"இல்லை."

"மனு எய்திக் குடு. பாக்கலாம்" என்றார்.